கம்பிக்கு வெளியே நிற்கும் முகங்கள்

திருநெல்வேலிச் சீமையில் சிலைகளுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஜூலை 11 அழகுமுத்துக்கோன், ஜூலை 23 மாஞ்சோலைத் தொழிலாளர்கள், ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன், செப்டம்பர் 1 பூலித்தேவன், செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன், அக்டோபர் 16 கட்டபொம்மன், அக்டோபர் 30 முத்துராமலிங்கத் தேவர், டிசம்பர் 6 அம்பேத்கர். குற்றாலத்தில் சாரல் பிடித்த நாளிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழை வெறிக்கிற வரைக்கும் எங்கேயாவது ஒரு பீடத்தைக் கழுவி வர்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், மாலை போட ஏணி சாத்திக்கொண்டிருப்பார்கள். தேதி நெருங்கினால் தடை உத்தரவு வரும். 144 என்று சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தின் 163-ஆம் பிரிவு. வாடகை வண்டியில் வரக்கூடாது, வண்டியின் மேலே ஏறி நிற்கக்கூடாது, இந்த அமைப்பு இத்தனை மணிக்கு வந்து இத்தனை மணிக்குள் கலைந்துவிட வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இந்த நிபந்தனைகளெல்லாம் மனப்பாடம்.

இந்தத் தேதிகளில் நான் கேமராவோடு போகிறேன். பிழைப்புக்குக் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எடுக்கிறேன். சிலைகளையும் அவற்றைச் சுற்றி நடக்கிற ஊர்வலம், மறியல், பேச்சுவார்த்தை, பந்தோபஸ்து எல்லாவற்றையும் எனக்காக எடுக்கிறேன். யாரும் கேட்டு எடுப்பதில்லை, காசும் வருவதில்லை. இந்த மண்ணில் யார் எங்கே நிற்கலாம், யார் எந்தத் தெரு வழியாக நடக்கலாம் என்கிற பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. அது வெளிப்படையாகக் கண்ணில் படுகிற இடம் சிலையடி. அதனால்தான் போகிறேன். சிலையை எடுப்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. சிலையைச் சுற்றி நிற்கிறவர்களை எடுப்பதில்தான் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கூண்டுக்குள்ளே

வெளியூரிலிருந்து புகைப்பட நண்பர்கள் யாராவது வந்தால் முதலில் கேட்பது கூண்டைத்தான். நான்கு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே தகரமோ கம்பி வலையோ, ஒரு பூட்டு. அதற்குள்ளே நீலக் கோட்டும் நீட்டிய ஆள்காட்டி விரலுமாக அம்பேத்கர். தென்மாவட்டங்களில் வேறு பல தலைவர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள். கூண்டை எடுப்பதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. லென்ஸைக் கம்பி வலையோடு ஒட்டி வைத்து, லென்ஸில் ஒளி புகுகிற துவாரத்தை நன்றாகத் திறந்து எடுத்தால் கம்பி கரைந்து போகும். திறந்தவெளியில் நிற்கிற சிலையைப் போலவே படம் வரும். நாலடி பின்னால் வந்து துவாரத்தைச் சுருக்கினால் ஒவ்வொரு கம்பியும் கூர்மையாக வந்து நிற்கும், சிலை கைதியைப் போலத் தெரியும். நாளிதழ்க்காரர்கள் பிறந்தநாளுக்கு முதல் வகையை எடுப்பார்கள். கண்காட்சிக்குப் படம் எடுப்பவர்கள் இரண்டாவது வகையை எடுப்பார்கள்.

நானும் இரண்டாவது வகைக்காரன்தான், இப்போதும் அப்படியே. கம்பி இல்லாத படத்தில் இந்த ஊர் இல்லை. ஆனால் கூண்டைப் பார்த்தவுடனே ‘தலைவரைச் சிறையில் வைத்துவிட்டார்கள்’ என்று உருகி எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. நாங்குநேரிப் பக்கம் ஒரு காலனியில் பெரியவர் ஒருவர் எனக்கு அதை விளக்கினார். “கூண்டு வேண்டாம்னுதான் தம்பி சொன்னோம். கூண்டு போட்டாத்தான் சிலைக்கு அனுமதின்னாவ. சரி, சிலை வேணும்லா, போட்டோம். இப்ப ராத்திரி நிம்மதியாத் தூங்குதோம்.” சிலைக்கு ஏதாவது ஆனால் விடிந்ததும் அடி விழுவது சிலைக்கு இல்லை, அந்தத் தெருவுக்கு. கூண்டு தெருவைக் காக்கிறது. அது அரசாங்கம் கொடுத்த பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது, அவர்கள் தங்கள் உரிமைக்காகக் கட்டின அபராதம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஒரே படத்தில் சொல்ல முடியுமா என்பது தெரியவில்லை. அதனால் கூண்டோடு, பின்னால் இருக்கிற வீடுகளும் ஃபிரேமுக்குள் வருகிற மாதிரிதான் எடுக்கிறேன்.

நாளிதழ்களின் படக்குறிப்பு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘தலைவர் சிலை அவமதிப்பு: இரு தரப்பினரிடையே பதற்றம்.’ எந்தத் தலைவர், எந்தத் தரப்பு, எதுவும் இருக்காது. கலவரம் பரவக்கூடாது என்கிற எண்ணத்தில்தான் அப்படி எழுதுகிறார்கள், அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் எல்லாச் சிலைகளையும் ஒரே வரியில் ‘சாதித் தலைவர் சிலை’ என்று அடுக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அம்பேத்கர் சாதித் தலைவர் இல்லை. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் அவர் சிலையை உடைத்தார்களே, அந்தக் காட்சியைப் பார்த்த யாரும் ‘இரு தரப்பு’ என்று எழுத மாட்டார்கள். உடைக்கிற கையும் உடைபடுகிற சிலையும் தெளிவாகத் தெரிந்தன. அரசு இரவோடிரவாகப் புதுச் சிலை வைத்துவிட்டது.

எந்த ஊர், எந்தத் தெரு

கேமராவை எடுத்த உடனே நம்மிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று. “தம்பிக்கு எந்த ஊரு?” ஊரைச் சொன்னால், “ஊருல எந்தத் தெரு?” தெருவைச் சொன்னால் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் ஊரோடு நிறுத்திக்கொள்வேன், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன். இங்கேயும் அதை எழுதப் போவதில்லை. என் படங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் அந்த விடையைத் தேடித்தான் பார்க்கிறார்கள் என்பது தெரியும். ஒண்டிவீரன் மணிமண்டபத்தில் எடுத்துப் போட்டால் ‘அப்ப பூலித்தேவன் படம் எங்கே’ என்று வரும். நெற்கட்டும்செவலில் எடுத்துப் போட்டால் அதே கேள்வி மறுபக்கத்திலிருந்து வரும். இத்தனைக்கும் கும்பினிக்காரனுக்கு எதிராக ஒரே அணியில் நின்றவர்கள் அவர்கள். தளபதி ஒண்டிவீரனுக்கு ஒரு நாள், பாளையக்காரர் பூலித்தேவனுக்கு ஒரு நாள், இரண்டு நாளுக்கும் தனித்தனித் தடை உத்தரவு.

ஜூன் 17 அதைவிடச் சிக்கல். 1911-இல் அந்த நாளில்தான் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். செங்கோட்டையில் அன்றைக்கு வாஞ்சி சிலைக்கு மாலை விழும். அதே நாளில் பாளையங்கோட்டையில் ஆஷின் கல்லறைக்கு மலர் வைக்கத் தலித் அமைப்பினர் வருவதுண்டு. பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்ரகாரத் தெரு வழியாகத் தன் வண்டியில் கொண்டுபோனவர் ஆஷ் என்கிற கதையை அவர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆவணம் இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் மறுக்கிறார்கள். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பதற்கு ஆவணம் இருக்கிறது. வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் சனாதன தர்மத்தைக் காக்கச் சபதம் போடுகிறது, அதற்கும் ஆவணம் இருக்கிறது. தூத்துக்குடியில் ஆஷ் நினைவு மண்டபத்தைச் செப்பனிட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. நான் அந்தக் கதையை நம்பவில்லை. ஆனால் அந்தக் கதை ஏன் தேவைப்படுகிறது என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது: அந்தத் தெருவழியே நடக்க விடாதது உண்மை, அதை யாரும் கதையென்று சொல்ல முடியாது. கல்லறையில் பூ வைக்கிற கையையும் சிலைக்கு மாலை போடுகிற கையையும் நான் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பேன். ஒன்றை மட்டும் வெளியிட்டால் அது பாதிப் படம்.

1997-க்கு முன்னால் இந்தச் சண்டை பேருந்து நெற்றியிலும் எழுதியிருந்தது. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. நெல்லை மாவட்டத்துக்குப் பெயர் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், பேருந்து கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம். விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. ‘அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம்’ என்றார்கள். கடைசியில் எல்லாத் தலைவர் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்க முடியாமல் எல்லாப் பெயர்களையும் அழித்த ஆண்டு அது. நீதிமன்றங்களும் இப்போது ஏறக்குறைய அந்த வழியில்தான் யோசிக்கின்றன. 2013-இல் உச்ச நீதிமன்றம் பொதுச் சாலைகளில் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக்கூடாது என்றது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சிலைகளையெல்லாம் ‘தலைவர்கள் பூங்கா’ என்று ஓரிடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. நம்ம வள்ளியூர்க் காய்கறிச் சந்தை வாசலில் கலைஞர் சிலை வைப்பதற்கு 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்துவிட்டது. போக்குவரத்தும் பொதுப்பணமும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் சிலையைப் பூங்காவுக்குக் கொண்டுபோகலாம், சிலை நின்ற தெருவை எங்கே கொண்டுபோவது?

அந்தத் தாய்

ஊர்ப் பெயர் வேண்டாம். தாமிரபரணிக்கு வடக்கே, வயலும் தெருவுமாக இருக்கிற ஊர். ராத்திரியில் யாரோ அம்பேத்கர் சிலைக் கூண்டுக்குள் சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். கம்பி வழியாக ஊற்றினால் கூண்டு என்ன செய்யும்? விடிந்ததும் மறியல். நான் போய்ச் சேர்ந்தபோது தார்ச்சாலையில் நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள்தான் முன்வரிசையில். தாசில்தார் வந்துவிட்டார், டி.எஸ்.பி. வந்துகொண்டிருந்தார். சிலையைக் கழுவக்கூடாது, கைரேகை எடுத்த பிறகுதான் கழுவ வேண்டும் என்று இளைஞர்கள் கூண்டைச் சுற்றிக் காவல் நின்றார்கள். வழக்கம்போலக் காவல்துறையின் வீடியோக்காரர் ஒருவர் ஜீப்பின் பக்கத்தில் நின்று, கூட்டத்தை இடமிருந்து வலமாக நிதானமாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

நான் குனிந்து எடுத்த ஒரு படத்தில் எல்லாம் கூடி வந்துவிட்டது. முன்னால் ஒரு பையன், இருபது வயது இருக்கலாம், கை முஷ்டியை உயர்த்தியிருக்கிறான். பின்னால் கூண்டு, அதற்குள் சாணி வழிகிற நீலக் கோட்டு, நீட்டிய விரல். பையனின் முஷ்டியும் சிலையின் விரலும் ஒரே உயரத்தில். காலை வெயில் அவன் முகத்தில் முழுசாக விழுகிறது. இந்த மாதிரிப் படம் எப்போதாவதுதான் அமையும். கேமராத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏய்யா, இது பேப்பர்ல வருமா?”

நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். பேப்பர்காரன் இல்லை, நெட்டில் போடுவேன் என்றேன். திரையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெருவிரலை அந்தப் பையனின் முகத்தின் மேல் வைத்து மறைத்தார்.

“இத மட்டும் எடுத்துருங்கய்யா. எம் பையன். போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டுருக்கான். தெனமும் கருக்கல்ல எந்திச்சு ஓட்டம் ஓடுதான். கேசுன்னு ஒண்ணு விழுந்துட்டுன்னா எல்லாம் போச்சே.”

பையன் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். “எம்மா, நீ சும்மா இரி. அண்ணே, நீங்க போடுங்க. நான் என்ன களவா எடுத்தேன்?”

“நீ பேசாத. ஒங்கப்பா மேல போட்ட கேசுக்கு இன்னும் வாய்தா வாய்தான்னு அலையுதோம்.”

“அதுக்காவ மூஞ்சிய மூடிக்கிட்டு ஒக்காரச் சொல்லுதியா?”

இரண்டு பேரும் சொன்னது சரி. அவர்களுக்கு நடுவில் கேமராவோடு நின்ற எனக்கு அதற்கு மேல் எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் படத்தை வெளியிட மாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பையன் என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தான். முதுகு நேராக, முகம் நிமிர்ந்து. வீடியோக்காரர் அதையும் எடுத்திருப்பார்.

அந்த அம்மா பயந்தது வீண் பயம் இல்லை. மறியல் வழக்கு எப்படிப் பதிவாகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சட்டவிரோதமாகக் கூடியது, உத்தரவை மீறியது, வழிமறித்தது. பழைய எண்களில் 143, 188, 341. எஃப்.ஐ.ஆரில் ஏழெட்டுப் பெயர் இருக்கும், கடைசியில் ‘மற்றும் பலர்’ என்று இருக்கும். அந்த ‘மற்றும் பலர்’ என்கிற இடத்தில் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் நிரப்பலாம். வீடியோவிலிருந்து நிரப்பலாம், நாளிதழ்ப் படத்திலிருந்து நிரப்பலாம், நான் ஃபேஸ்புக்கில் போட்ட படத்திலிருந்தும் நிரப்பலாம். காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் தாண்டி வந்தாலும் நடத்தைச் சரிபார்ப்பில் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை நின்றுபோகும். சாணி ஊற்றினவன் ராத்திரியில் வந்தான், அவன் முகம் எந்தப் படத்திலும் இல்லை. பகலில் நியாயம் கேட்டு உட்கார்ந்தவன் முகம்தான் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

போலீஸ் மட்டும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே யாரோ மொபைலில் எடுத்த மறியல் காட்சியை வெட்டி, சிலர் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டு, ‘இவனுவ எந்த ஊரு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருந்தார்கள். பின்னணியில் பாட்டு வேறு. அதை எனக்கு அனுப்பியவர் என் கல்யாண வாடிக்கையாளர், நல்ல மனிதர், ‘நீங்களும் போனியளாமே’ என்று சாதாரணமாகத்தான் கேட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய கைகளும் அவனோடு படித்த பையன்களின் கைகள்தான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிறுகளைக் கூடப் பள்ளிக்குள் விடக்கூடாது என்று 2024-இல் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். முகத்தை எப்படி அவிழ்ப்பது? சிவப்பு வட்டத்துக்குள் வந்த ஒரு முகம் மறுநாள் பள்ளிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போயாக வேண்டும்.

வக்கீல் அண்ணாச்சியின் வாதம்

இதையெல்லாம் சொல்லி, இனிமேல் போராட்டப் படங்களில் முகம் தெரியாமல்தான் வெளியிடப் போகிறேன் என்று எனக்குப் பழக்கமான ஒரு வக்கீல் அண்ணாச்சியிடம் சொன்னேன். சாதி வன்கொடுமை வழக்குகளில் பல காலம் நின்றவர். அவர் ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

“முகத்த எல்லாம் அழிச்சிட்டு நாளைக்கு எதவே சாட்சின்னு வைப்பீரு? தடியடி நடந்தா யாரு அடிச்சா, யாரு அடி வாங்குனான்னு நாங்க எதக் காட்டி கேக்க? கொக்கிரகுளத்த நெனச்சுப் பாரும்.”

1999 ஜூலை 23. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேலிருந்த தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சிறையிலிருந்த தங்கள் ஆட்களை விடச் சொன்னார்கள். ஆட்சியரிடம் மனுக் கொடுக்க, திருநெல்வேலியில் ஆட்சியர் அலுவலகம் இருக்கிற கொக்கிரகுளத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். தடியடி நடந்தது. ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் தாமிரபரணி ஆறு. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் செத்தார்கள், அதில் இரண்டு பெண்கள், ஒரு சின்னக் குழந்தை. நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலானவர்கள் நீரில் மூழ்கிச் செத்ததாகச் சொன்னது. நீந்தத் தெரியாதவர்கள் ஏன் தண்ணீருக்குள் போனார்கள் என்கிற கேள்விக்கான விடை அந்த அறிக்கையில் இல்லை, அன்றைக்கு எடுத்த படங்களில்தான் இருக்கிறது. ஓடுகிற பெண்களைத் துரத்துகிற லத்தி, தண்ணீரில் நிற்கிறவர்களை நோக்கிக் கரையிலிருந்து பறக்கிற கல். அந்தக் காட்சிகள் இல்லையென்றால் ‘கூட்ட நெரிசல், தவறி விழுந்தார்கள்’ என்று ஒரு வரியில் முடிந்திருக்கும். அண்ணாச்சி சொன்னது அதுதான். அன்றைக்குக் கேமரா பிடித்தவர்கள் முகம் பார்த்து முகம் பார்த்துத் தள்ளியிருந்தால் நமக்கு அந்த மதியமே இருந்திருக்காது.

பல நாள் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட மனசு அந்தக் கரையில் இருந்தது. ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. எடுக்கும்போது எல்லாவற்றையும் எடுக்கிறேன், கூர்மையாக, முகத்தோடு. லத்தி பிடித்தவர், உத்தரவு போடுகிறவர், மேடையில் பேசுகிற தலைவர் எல்லாரும் அதிகாரத்தோடு நிற்கிறவர்கள். அவர்கள் முகம் தெரியத்தான் வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்க மாட்டேன். சாலையில் உட்கார்ந்திருக்கிறவர் முகத்தை அவரைக் கேட்காமல் வெளியிட மாட்டேன். பதினெட்டு வயது தாண்டாத முகத்தை யார் கேட்டாலும் வெளியிட மாட்டேன். முகத்தின் மேல் கறுப்புப் பட்டை போடுவதும் இல்லை. அது அவர்களைக் குற்றவாளிகளாக்கிவிடுகிறது. முதுகை எடுக்கலாம், கைகளை எடுக்கலாம், தார்ச்சாலையில் கழற்றிப் போட்ட செருப்புகளை எடுக்கலாம், சூடு தாங்காமல் சேலைத் தலைப்பை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற விதத்தை எடுக்கலாம். அதில் இருக்கிற கோபம் முகத்தில் இருப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

மூலக் கோப்புகளை என்ன செய்வது என்பதில் மட்டும் அண்ணாச்சிக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை. அழிக்காதே, என்றைக்காவது தேவைப்படும் என்கிறார் அவர். என் வீட்டில் இருக்கிற வன்தட்டு ஒரு நோட்டீஸில் என் கையை விட்டுப் போகலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அந்தப் பையனின் படத்தை நான் அழிக்கவில்லை. அவன் அம்மாவிடம் வெளியிட மாட்டேன் என்றுதான் சொன்னேன், அழிப்பேன் என்று சொல்லவில்லை. பையன் என்றைக்காவது கேட்டால் அது அவனுடையது.

சிலை இல்லாத இடம்

கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் சிவாஜி கணேசன் இடம் வாங்கிச் சிலை வைப்பதற்கு முன்னால், வழிப்போக்கர்கள் ஆளுக்கு ஒரு கல்லைப் போட்டு, அந்தக் கல் குவிந்து கிடந்தது என்று சொல்வார்கள். அனுமதியில்லை, பீடமில்லை, திறப்பு விழாவும் இல்லை. கொக்கிரகுளத்தில் இப்போது நடப்பது அதுதான், கல்லுக்குப் பதிலாகப் பூ. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23-இல் கட்சிகளும் அமைப்புகளும் வரிசையாக வந்து ஆற்றில் பூவைத் தூவிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்துக் கொடுத்திருக்கும். கரையெல்லாம் காக்கி. மாலை போடச் சிலை இல்லை, கூண்டு போடவும் எதுவும் இல்லை. படமெடுக்கிறவனுக்கு அங்கே ஆறும் மனிதர்களும்தான்.

அங்கே வருகிற பெண்களில் சிலர் மலையிலிருந்து வந்தவர்கள். 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டம், குத்தகை முடிய 2028 வரை இருந்தும், 2024-இல் கம்பெனி விருப்ப ஓய்வுத் தாளை நீட்டித் தேயிலை பறிப்பதை நிறுத்திவிட்டது. நாலு தலைமுறை வாழ்ந்த லயன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர்களிடம் நான் வழக்கம்போல, படம் எடுக்கலாமா, முகம் தெரியலாமா என்று கேட்டேன். ஒரு பாட்டி, கையில் பூப் பொட்டலம், என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லாப் பாத்து எடுங்க தம்பி. மூஞ்சி தெரியணும். நாங்க இன்னும் வந்துக்கிட்டுதான் இருக்கோம்னு அவனுவளுக்குத் தெரியட்டும்.”

பக்கத்தில் நின்ற மற்றப் பெண்களும் சேலையைச் சரிசெய்துகொண்டு கேமராவுக்கு நேராக வந்து நின்றார்கள். அந்தப் படத்தை முகத்தோடு, அவர்கள் சொன்ன ஊர்ப் பெயரோடு வெளியிட்டேன். கேட்பது என்பது மறைப்பதற்காக மட்டும் இல்லை என்று அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது. கேட்டால், தெரிய வேண்டும் என்கிறவரும் இருக்கிறார்.

ஆற்றங்கரையில் நினைவிடம் வேண்டும் என்கிற கோரிக்கை ஆண்டுதோறும் எழுகிறது, ஆண்டுதோறும் கிடப்பில் போகிறது. பொது இடத்தில் சிலை வேண்டாம் என்கிற தீர்ப்புகளை எடுத்து நீட்டுவார்கள் என்பது தெரியும். இவர்கள் கேட்பது தலைவருக்குச் சிலை இல்லை. மனுக் கொடுக்க வந்து திரும்பிப் போகாதவர்களுக்கு ஒரு கல். சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் 1843-இல் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டித் தந்தார், இன்றும் அந்தப் பாலத்துக்கு அவர் பெயர்தான். அதை எந்தச் சாதிக்காரரும் எதிர்க்கவில்லை. அதே பாலத்தில் நின்று பார்த்தால் தெரிகிற கரையில் 17 பெயர்களை எழுதுவதற்கு மட்டும் என்ன தடை? என் கையெழுத்தும் அந்த மனுவில் இருக்கிறது. கல்லில் ஒவ்வொருவர் பெயரும் வயதும் வேலையும் இருக்க வேண்டும், குழந்தையின் பெயரும் இருக்க வேண்டும். கட்சிக் கொடியின் வர்ணமோ திறந்து வைத்த அமைச்சர் பெயரோ வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே புகுந்தது, ஆகவே அந்த மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வருகிறவர்கள் நடந்து போகிற வழியில், கூண்டு இல்லாமல், கை வைத்துத் தடவிப் பார்க்கிற உயரத்தில்.